கம்லாய் மகனுக்கு வைத்த புதுப்பெயர்

கோன் கென் ஊரில், எங்கள் ஆய்வுக்கூடத்தில், கம்லாய்க்குக் கிருமி வளர்க்கிற வேலை. அந்தக் கிருமி அவள் புருஷன் ரத்தத்திலிருந்து எடுத்தது. வயல் சேற்றில் கிடப்பது. காலில் இருந்த சிராய்ப்பு வழியே ஏறி, காய்ச்சலில் அவனைக் கொண்டுபோய்விட்டது. வேறொருத்தியாக இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள். இவள் தினமும் அதற்குத் தீனி போட்டு வளர்த்தாள்.

இந்த வருஷம் மகன் விச்சியன் நடவுக்கு இறங்கப் போகிறான் என்றதும் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

கிருமிக்குள் ஒரு புரதம் உண்டு. மரபிழையில், அதாவது டி.என்.ஏ.வில், உள்ள எழுத்துகளைத் தடவிக்கொண்டே போகும். இழையின் முறுக்கைப் பிரிக்காமலே, அதன் பள்ளத்தில் விரல் விட்டு, எழுத்துகளின் ஓரத்தைத் தொட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடும். தன் இடம் வந்ததும் இரு கையாலும் கவ்வும். அதன் பிறகுதான் விஷம் செய்யக் கட்டளை கிளம்பும். அன்று நாங்கள் அந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். மின்சாரம் பாய்ச்சிய கூழ்ப்பலகையில் இழைகளை ஓடவிட்டபோது, புரதம் கவ்விய இழை பாரம் தாங்காமல் மேலேயே நின்றது. எழுத்து மாறிய இழை தடையில்லாமல் அடிக்கு ஓடிவிட்டது.

"பக்கத்துல வந்தும் அதுக்குத் தெரியலையா?" என்றாள் கம்லாய்.

"தடவிப் பாத்துட்டுப் போயிடுச்சுக்கா. ஆள் மாறிப்போச்சுல்ல," என்றான் பிரசோங். எங்கள் கூடத்து வாயாடி அவன்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. மகனை வட்ட அலுவலகத்துக்கு இழுத்துப்போய்ப் பெயரைத் தனவத் என்று மாற்றிவிட்டாள். பீடை பிடித்தால் பெயரை மாற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கிருமிக்குப் பயந்து மாற்றியவள் இவள் ஒருத்திதான். "பைத்தியக்காரி, ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுடி," என்று திட்டினேன். அதையும் வாங்கியிருந்தாள்.

"பழைய பேரை யாரும் வாயில எடுக்காதீங்க," என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

நடவு நாளில் நாங்கள் அவள் வயலுக்குப் போனோம். தனவத் பூட்ஸோடு சேற்றில் நின்றான். வரப்பில் ஒட்டரிசிச் சோறும் இடித்த பப்பாளிக்காயும் இருந்தன. பொழுது சாய்ந்துவிட்டது. பிரசோங்குக்கு வாய் சும்மா இருக்குமா?

"கிருமிக்குக் காது இருக்காக்கா? இப்பப் பாருங்க." கையைக் குவித்துக் கத்தினான். "டேய் விச்சியா..."

தனவத் திரும்பவில்லை, அம்மா சொல்லி வைத்திருந்தாள். கம்லாய் முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல," என்றான் பிரசோங்.

அப்போது வயலின் அந்தக் கோடியில், ஆளே இல்லாத தண்ணீர்ப் பக்கமிருந்து, அந்தப் பழைய பெயருக்குப் பதில் சொல்வதுபோல் "வர்றேன்" என்று ஒரு குரல் கேட்டது. கம்லாய் மகனை நோக்கி, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி ஓடினாள்.