பெட்டிக்குள் வந்த மகள்

கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பெட்டியை மருமகன் கனடாவிலிருந்து அனுப்பியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இனிமே இன்டர்நெட்டுங்கறது திரையில பாக்கறது இல்லீங்க மாமா. உள்ள நடந்தே போகலாம். கடை, பேங்க், ஆபீஸ் எல்லாம் அப்படித்தான் வரப்போகுது" என்றார் போனில். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த வயதில் அதெல்லாம் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. மருமகனாயிற்றே, அடக்கிக்கொண்டேன்.

என் மனைவிக்கோ அதில் ஒரே ஆசை. மகளுக்கு ஏழாம் மாதம். விமானத்தில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வர முடியாது என்றானதும், இவள் போவதற்கு விசாகூட வாங்கி வைத்துவிட்டாள். ஆனால் பேச்சை எடுத்தாலே மகள் வீடியோ காலில் சிரித்துக்கொண்டு, "வேண்டாம்மா, இந்தக் குளிரு உனக்கு ஆகாது. நாங்க பாத்துக்கறோம்" என்பாள். இவள் முகம் சுண்டிப்போகும். பெற்றவளை வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு மகள் மேல் கோபம் கோபமாக வரும்.

பெட்டியை மாட்டினால் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கல்யாணத்துக்குப் போகிறவள் போல உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். மகள் பெட்டிக்குள் எங்கள் வீட்டையே கட்டி வைத்திருந்தாள். கேட்டின் நீல நிறம்கூடத் தப்பவில்லை.

"ஏனுங்க, நம்ம ஊடுங்க!" என்று கூவியவள், அடுத்த நிமிடமே பெட்டியைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள்.

"இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லீங்க! கால் இல்லாம மெதக்கறா. மாசமா இருக்கற புள்ளைய அப்படிப் பாக்கலாமுங்களா?"

பேய்க்குத்தான் கால் இருக்காது என்று நம்புகிறவள் அவள். நான் மருமகனை மனதுக்குள் திட்டிக்கொண்டே பெட்டியை மாட்டினேன்.

அவள் சொன்னது உண்மைதான். நாங்கள் கட்டும் பாடி, சக்கரம் பூட்டிய சேசிஸ் மேல் உட்காரும். இது சேசிஸ் இல்லாத பாடி. பொம்மை முகம், ஏழு மாத வயிறும் இல்லை. குரல் மட்டும் என் மகளுடையது.

"அம்மா பயந்துட்டாங்களாப்பா?"

"பயப்படாம? கால எங்க உட்டுட்டு வந்த சாமி?" என்று கிண்டல் செய்தேன்.

பொம்மை சிரித்தபடியே நின்றது. அதற்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

அந்த முகத்துக்கு அழத் தெரியவில்லை, சிரிக்க மட்டுமே தெரிந்தது. இத்தனை மாதமாக வீடியோ காலில் அந்தச் சிரிக்கிற வேலையை என் மகளே செய்துவந்திருக்கிறாள். இன்று பொம்மை அதைப் பார்த்துக்கொண்டதால் அவளால் அழ முடிந்தது. இது கூடப் புரியாமலா அவள் மேல் கோபப்பட்டேன் என்று நெஞ்சு வலித்தது.

"பயமா இருக்குதுங்கப்பா. தூக்கமே வரமாட்டேங்குது. அம்மாவுக்கு மூட்டு வலி, இங்க வந்து கஷ்டப்படுவாங்கன்னுதான் வேண்டாம்னேன். அவங்க பக்கத்துல இருந்தாத் தேவலைங்கப்பா."

பெட்டியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினேன். மாட்டேன் என்று தலையாட்டியவள் என் கண்களைப் பார்த்ததும் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். மகள் சொல்வதை நின்றபடியே கேட்டாள். பிறகு இரண்டு கைகளையும் வெறும் காற்றில் நீட்டினாள்.

"வாரேன் சாமி. நீ வேண்டாம்னு சொன்னாலும் வாரேன்."