தொடர்பில் இல்லாத ஒருத்தியைப் பார்க்க ஆக்லாந்து வரை

ஜூலை இரண்டாம் வாரத்தில் ஆறு நாள் ஆக்லாந்து போய் வந்தேன். ஐம்பத்தொரு வயதில் முதல் பாஸ்போர்ட், முதல் வெளிநாடு. "நியூசிலாந்துக்கா? அங்க உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் வேலை கூட்டிக்கொண்டு போகிறது என்றுதான் பதில் சொன்னேன். இந்தப் பதிவில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயணக் குறிப்புகளும் உண்டு.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எலும்புக் கட்டிப் பிரிவில் இருக்கிறேன். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. எலும்பில் புற்றுநோய்க் கட்டி வந்தால் முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவார்கள். இப்போது பலருக்குக் கட்டி இருக்கும் எலும்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே உலோக மூட்டு வைக்கிறார்கள். அப்படி வைக்கப்பட்டவர்களை வருடா வருடம் தேடிப் பிடித்து விசாரிப்பது என் வேலை. வலி இருக்கிறதா, மாடி ஏற முடிகிறதா, கட்டி திரும்ப வந்ததா? பத்து வருடம் கழித்து அந்த மூட்டு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து வரும் பிள்ளைக்கு எதை வைப்பது என்று டாக்டர்கள் முடிவெடுக்க முடியும். ஆராய்ச்சி என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இந்தத் தேடல்தான்.

நம் ஊரில் ரீசார்ஜ் ஆஃபர் மாறினால் சிம்மையும் மாற்றிவிடுவார்கள். அதனால் நோயாளியின் எண்ணோடு நான் விடுவதில்லை. தெருமுனை டீக்கடை, துணி தைக்கிறவர், ரேஷன் கடைக்காரர் என்று ஆளுக்கு இரண்டு எண் கூடுதலாக வாங்கி வைப்பேன். சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'போன் அக்கா'. இப்படிச் சேர்த்த விவரங்களை எங்கள் தலைமை டாக்டர் ஆக்லாந்தில் நடந்த எலும்பு மூட்டு ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அனுப்பியிருந்தார். பெரிய தாளில் அச்சடித்துப் போஸ்டராக மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கலாம் என்று பதில் வந்ததும், "நான் எதுக்கு? அலைஞ்சது நீங்க. நீங்களே போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆனால் போஸ்டரின் கீழே ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. 'தொடர்பில் இல்லாதவர்: 1.' அந்த ஒருத்தி செல்வி. (பெயரை மாற்றியிருக்கிறேன். இதையெல்லாம் எழுதச் சொன்னது அவள்தான்.) அவள் தொலைந்துபோனதற்குக் காரணம் நான்.

செல்விக்குப் பதினேழு வயதில் இடது முழங்காலுக்கு மேலே கட்டி. அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்து, மூன்று வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தாள். நான்காம் வருடம் அவள் வரவில்லை. அந்தக் காலத்தில் வராதவர்களுக்கு நாங்கள் போஸ்ட்கார்டு போடுவோம். 'எலும்புப் புற்றுநோய்ப் பிரிவு' என்று சிவப்பு முத்திரை குத்தி, உடனே வரவும் என்று எழுதிப் போட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது தபால்காரர் அதைக் கொடுத்திருக்கிறார். வாங்கியது மாப்பிள்ளையின் பெரியப்பா. கார்டுதானே, படித்துவிட்டார்! பஜ்ஜியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். மறுநாள் செல்வியின் அம்மா போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். உயிரைக் காப்பாற்றிவிட்டு வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். அதோடு எண்ணும் மாறியது, வீடும் மாறியது. அதற்குப் பிறகு நான் போஸ்ட்கார்டைத் தொட்டதில்லை. எட்டு வருடமாக இது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அவர்களுடைய பழைய தெருவில் துணி தைக்கும் அம்மாளிடம்தான் போன வருடம் துப்புக் கிடைத்தது. செல்வி கல்யாணமாகி ஆக்லாந்தில் இருக்கிறாளாம். முகவரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஒரு முறை பட்டது போதும். பயணம் உறுதியானதும் என் போன் எண்ணோடு நாலு வரி எழுதி ஒட்டி, செல்வி கையில் மட்டும் சேர்த்துவிடுங்கள் என்று அந்த அம்மாளிடம் கொடுத்தேன். இந்தத் தேதியில் அங்கே வருகிறேன், பார்க்கப் பிடிக்காவிட்டால் பதிலே வேண்டாம் என்பதுதான் விஷயம். நான் கிளம்புகிற வரை பதில் வரவில்லை.

பயணத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 4 மணி 20 நிமிடம், அங்கிருந்து ஆக்லாந்து 9 மணி 50 நிமிடம். போக வர டிக்கெட் 98,400 ரூபாய். ஜூலையில் அங்கே குளிர்காலம், கடிகாரம் நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள், மறைத்தால் அபராதம். நான் முறுக்கு, பருப்புப் பொடி எல்லாவற்றையும் எழுதினேன். மாட்டியது வேறு! போஸ்டருக்குப் பக்கத்தில் வைக்க பிளாஸ்டிக் தொடை எலும்பில் உலோக மூட்டு பொருத்திய மாதிரி ஒன்று பெட்டியில் இருந்தது. எக்ஸ்ரேயில் அதைப் பார்த்த அதிகாரி இது எந்த மிருகத்தின் எலும்பு என்று கேட்க, நான் பேந்தப் பேந்த விழித்தேன். தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, பிறகு பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டி மகிழ்ந்துவிட்டுத்தான் விட்டார். இருபது நிமிடம் போயிற்று.

ஆக்லாந்தில் எப்சம் என்ற பகுதியில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன், இரவுக்கு 95 டாலர். விமான நிலையத்திலிருந்து 15 கிலோமீட்டர், டாக்சிக்கு 58 டாலர். ஓட்டி வந்தவர் சிவநேசன் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடமாம். எலும்புக் கதையைக் கேட்டுவிட்டு, "ஓம் அக்கா, முறுக்கோட வந்த ஆக்களை ஏத்தியிருக்கிறன். எலும்போட வந்த ஆள் நீங்கள்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டுப் பிள்ளைகளோடு தமிழில் கதைத்தால் இங்கிலீசில்தான் பதில் வருகிறதாம். அதனால் தமிழ்ப் பயணி கிடைத்தால் சுற்றுவழியில் போகலாமா என்று மனம் கேட்கும் என்றார். நல்லவேளை, நேர்வழியில்தான் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு போனில் ஒரு செய்தி. 'ஒடாஹுஹு ஸ்டேஷன். 10.40 மங்கரே பஸ். முன்னாடி சீட்டுல உக்காருங்க. செல்வி.' அவ்வளவுதான். எட்டு வருடத்துத் திட்டு பாக்கி இருக்கிறது, வாங்கிக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

எப்சமிலிருந்து பஸ்ஸில் நியூமார்க்கெட் பத்து நிமிடம், அங்கிருந்து ரயிலில் ஒடாஹுஹு இருபது நிமிடம். பயண அட்டை ஐந்து டாலர், பணம் போட்டுக்கொண்டால் பஸ், ரயில் இரண்டுக்கும் செல்லும். நிலையத்திலேயே பஸ்கள் வந்து நிற்கின்றன. 10.40க்கு வந்த பஸ்ஸில் ஏறி அட்டையைத் தட்டிவிட்டு, செல்வி எங்கே இருக்கிறாள் என்று உள்ளே தேடினேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"இங்க பாருங்க, போன் அக்கா."

சீருடை போட்டு, தலையை இழுத்து முடிந்துகொண்டு, பஸ் ஓட்டுவது செல்வி! ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று பலகை இருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். மங்கரே டவுன் சென்டருக்கு 25 நிமிடம். வழியில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்த்ததெல்லாம் ஒரு இடது முழங்கால்தான். பஸ் ஆட்டோமேட்டிக், இடது காலுக்கு வேலை இல்லை. இறங்குகிறவர் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள், அது அந்த ஊர் வழக்கம். சாமோவாத் தீவுக்காரப் பெரியவர், பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி என்று எல்லாரும் எங்கள் செல்விக்கு நன்றி சொல்கிறார்கள். இதற்காகவே இத்தனை வருடம் போன் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

மங்கரேயில் அவளுக்குப் பதினெட்டு நிமிட ஓய்வு. இருக்கையிலிருந்து இறங்கும்போது இடது காலை முதலில் கீழே வைத்து, ஒரு நொடி நின்று பிறகுதான் எடை போட்டாள். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நின்றபடியே கேட்டாள்.

"மூணு வருஷம் உங்களைத் திட்டாத நாள் கிடையாது அக்கா. அப்புறம் இவரு பார்க்க வந்தாரு. நானே எக்ஸ்ரேயைக் கையில குடுத்துட்டேன். அவரு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, இதோட பஸ் ஏறி இறங்குவியான்னு கேட்டாரு. இப்ப ஓட்டுறேன்."

கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறாராம். ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவப் படிவத்தில் காலைப் பற்றி எல்லாவற்றையும் எழுதித்தான் வாங்கியிருக்கிறாள். ஆனால் இரண்டு மாதமாக முழங்காலில் டக் டக்கென்று சத்தம், லேசான ஆட்டம். அங்கே பெரிய மருத்துவமனையில் காட்டியதற்கு, இது யார் செய்த மூட்டு, என்ன அளவு என்று கேட்டிருக்கிறார்கள். தெரிந்தால் உள்ளே தேய்ந்த சின்னப் பாகத்தை மட்டும் மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் தொடை எலும்புக்குள் பதிந்திருக்கும் மொத்தத்தையும் பெயர்த்து எடுத்து வேறு வைக்க வேண்டி வரலாம். இருபத்தெட்டு வயதில் அவ்வளவு பெரிய அறுவை! எலும்பு தாங்குமா என்பதே சந்தேகம். பஸ் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

"பேப்பர் எதுவும் இல்ல. அந்தக் கல்யாணம் நின்னதும் அம்மா பயந்துட்டாங்க. ஃபைல், ரிப்போர்ட் எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு எழுதலாம்னா, நாங்க பேசுன பேச்சுக்கு எந்த மூஞ்சியோட எழுதுறது? அப்பத்தான் உங்க லெட்டர் வந்துச்சு. இருக்கா அக்கா?"

வெந்நீர் அடுப்பில் ஃபைல் எரிவது செல்வி வீட்டில் மட்டும் நடந்ததில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் நடக்கும். அது தெரிந்துதான், அறுவை முடிந்ததும் மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் ஒன்றை ஃபைலிலும் இன்னொன்றை என் சொந்த நோட்டிலும் ஒட்டுவேன். செய்த இடம், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். இதென்ன வேண்டாத வேலை என்று கேலி செய்தவர்கள் உண்டு. போனில் அந்த நோட்டுப் பக்கங்களின் படங்கள் இருந்தன. தேடி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பார்த்ததும் பஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அதே நிலையில்தான் இருந்தேன். பிறகு மணியைப் பார்த்துவிட்டு எழுந்து, வண்டியை எடுக்க வேண்டும் என்றாள்.

என் படிவத்தின் கேள்விகளை அன்று மாலை போனில் கேட்டு முடித்தேன். அவள் சம்மதித்த பிறகு, அச்சடித்த போஸ்டரில் 1 என்பதைப் பேனாவால் அடித்து 0 என்று எழுதினேன். அசிங்கமாகத்தான் இருந்தது. மறுநாள் கூட்டத்தில் வழவழவென்று மின்னிய போஸ்டர்களுக்கு நடுவே என்னுடையது மட்டும் அடித்தல் திருத்தலோடு நின்றது. ஆனால் டாக்டர்கள் வந்து நின்றது அந்த அடித்தலுக்கு முன்னால்தான். ஒருவர்கூடத் தொலையாமல் எப்படி, என்ன மென்பொருள் என்று ஒருவர் கேட்டார். தையல் கடை, டீக்கடை, ரேஷன் கடை என்று என் அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். என் ஆயுளில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

இதே பயணம் போகிறவர்களுக்கு: ஜூலையில் குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும், மழைக்கோட்டு போதும். ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறைவு. எப்சம் அமைதியான இடம், ஆனால் சாப்பாட்டுக்கு ஒடாஹுஹு பக்கம் மலிவு. முக்கியமானது இதுதான்: உடம்புக்குள் உலோகம் இருப்பவர்கள் அதன் விவரத்தைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். வீட்டில் பெண் இருந்தால் அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வையுங்கள். எரித்தால் நோய் மறையாது, வைத்தியம்தான் மறையும்.

செல்வியின் டாக்டரும் எங்கள் டாக்டரும் எழுதிக்கொண்டார்கள். தேய்ந்த பாகத்துக்குப் புதியது இந்தியாவிலிருந்து போயிற்று, மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சின்னப் பாகத்தை மட்டும் மாற்றினார்கள். இரண்டாம் நாளே நடந்துவிட்டாள். வண்டி ஓட்ட இன்னும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை வேலை நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. செல்வியின் அம்மா. எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். நான் நலம் விசாரிக்கத் தொடங்கியதும் குறுக்கிட்டு, மகளுக்கு அனுப்பிய மூட்டு விவரத்தில் ஒரு நகல் தனக்கும் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"பீரோவுல நகையோட வைக்கணும்."