கொம்புப் பெயிண்ட் பூசிய மட்கார்டு

அன்று அந்தக் களத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். டிராக்டருக்குச் சொந்தக்காரரான பெரியவர். அவர் மனைவி. வண்டியை விலைக்குக் கேட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்தவர். அவரைக் கூட்டிவந்த தரகர். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று பேச்சு வந்தால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, இத்தனை வருஷம் கழித்தும் மனசுக்குள் ஆளை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டோரத்துப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் ஓடவில்லை. மறியலுக்குப் போன பெரியவரின் ஒரே மகனைப் பிடித்துக்கொண்டு போய்க் கடலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். மரங்களை அறுத்து அகற்றி, பஸ் ஓடி, சந்தை கூடி, எல்லாம் பழையபடி ஆன பிறகும் அவன் வீடு வரவில்லை. வக்கீலுக்குப் பணம் வேண்டும், ஜாமீனுக்குப் பணம் வேண்டும். நிலத்தை விற்றால் கஞ்சி போய்விடும் என்று பெரியவர் வண்டியை விற்கத் துணிந்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் பெயிண்ட் வேலை. பெரியவர் தன் ஊரான வடக்கனந்தலுக்கு வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லி எனக்கு ஆள் விட்டார்.

எங்கள் பக்கம் பழைய டிராக்டர் வாங்க வருகிறவர் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் பெயிண்டைத்தான் பார்ப்பார். புதுப் பெயிண்ட் என்றால் பேசாமல் திரும்பிவிடுவார். வண்டி எங்கேயோ குடைசாய்ந்திருக்கிறது, அடியில் ஆள் மாட்டிச் செத்திருக்கிறான், நசுங்கலை மறைக்கத்தான் இந்தப் பூச்சு என்று அதற்கு அர்த்தம். உயிர் வாங்கின வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்த யாருக்கு மனசு வரும்? கம்பெனி அடித்து அனுப்பின பெயிண்டே இருக்க வேண்டும். ஆனால் அது வெளுத்துக் கிடந்தாலும் விலை படியாது. ஆகவே இருக்கிற பெயிண்டையே தேய்த்து மீட்க வேண்டும்.

டூல்பாக்ஸ் மூடியைத் திறந்தால் உட்புறம் வாங்கின அன்றைய சிவப்பு அப்படியே இருந்தது. வெளியே வெயில் தின்றுவிட்டது. விரல் பட்டால் மாவாக ஒட்டியது. சீயக்காய் கரைத்த தண்ணீரில் கழுவி, பழைய பனியன் துணியில் பாலிஷ் போடுகிற காம்பவுண்டைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தேன். துணி சிவந்துகொண்டே வரும். அதுதான் எனக்குப் பயம். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்தில் ஒரு தேய்ப்பு ஜாஸ்தியானால் அடியில் இருக்கும் பிரைமர் பல்லைக் காட்டும்.

"இன்னாப்பா, எல்லாம் துணியோட வந்துகினு கீது?" என்றார் பெரியவர்.

"அழுக்கத் தேச்சா அழுக்குதான் வரும். நீ போயி மாட்டப் புடிச்சிக் கட்டுய்யா" என்றார் அந்த அம்மா.

பானெட்டும் ஒரு பக்க மட்கார்டும் முடிந்தன. மேற்கு வெயிலில் நின்ற மறுபக்க மட்கார்டுதான் மோசம். அதில் கை வைப்பதற்குள் தரகர் சொல்லி அனுப்பினார், வாங்குகிறவர் மறுநாளே வருகிறார் என்று. விடிந்ததும் வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

மறுநாள் சைக்கிளில் களத்துக்குள் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அந்த மட்கார்டு மட்டும் குங்குமத்தைக் கொட்டின மாதிரி பளபளத்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மீந்த பெயிண்ட். டப்பாவில் ஆடை கட்டிக் கிடந்ததைக் குத்திக் கிழித்து, குச்சியில் துணியைச் சுற்றி, பெரியவர் தன் கையாலேயே பூசியிருந்தார்.

"நீ ஒண்டியா இன்னா பண்ணுவ, பாவம். அதான் நானே ஒரு கை பாத்தேன்" என்றார்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்: "இதப் பாத்தா வாங்க மாட்டாங்களே, பெரியவரே."

அந்த அம்மா தலையில் கை வைத்தார். "ஆளக் கொன்ன வண்டின்னு நீயே எழுதி ஒட்டிட்டியேய்யா."

பேசிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கின தரகர் மட்கார்டைப் பார்த்தார். "இன்னா பெரியவரே, ஊர்ல மாட்டுக்குப் பொங்கல் வெப்பாங்க. நீங்க வண்டிக்கு வெச்சிட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. வாங்க வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மட்கார்டில் நகத்தால் கீறினார். நகத்தில் சிவப்பு ஒட்டியது.

"எங்க சாஞ்சிது?"

"எங்கயும் சாயலீங்க. வெளுத்துக் கெடந்துச்சி, பூசினேன். கற்பூரம் ஏத்தி அணைக்கிறேன், வண்டி மேலயே" என்று பெரியவர் இடுப்பு மடிப்பில் தேடினார். கற்பூரத்தை முன்கூட்டியே மடித்து வைத்திருந்திருக்கிறார்.

"கற்பூரம் வேணாம். புள்ளய உள்ள வெச்சிக்கினு இருக்கறவரு எதுக்கு வேணா சத்தியம் பண்ணுவாரு."

பெரியவரின் கை அப்படியே நின்றது. 

அந்த அம்மா வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் பாட்டிலும் கிழிந்த சாக்குமாக வந்தார். "பொங்கலுக்கு எங் கையில படற பெயிண்ட்ட இதுலதான் எடுக்கறேன். தம்பி, இது அடியில இருக்கறதத் தின்னுமா?"

"கம்பெனியில சூடு காட்டி இறுக்கினதும்மா. தின்னாதுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?" என்றார் வாங்க வந்தவர்.

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா சாக்கை நனைத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் சாயங்காலம் அடித்த பெயிண்ட் சுருங்கிச் சுருங்கித் தோலாக வந்தது. சேலையெல்லாம் சிவப்பு. கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து அந்த வெளுத்த, மாவு பூத்த பழைய பெயிண்ட் தெரிந்தது. நசுங்கல் இல்லை. பள்ளத்தை நிரப்பின பட்டிப் பூச்சும் இல்லை. நான் குனிந்து உள்ளங்கை அகலத்துக்குக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தேன். டூல்பாக்ஸுக்குள் இருந்த அதே சிவப்பு எழுந்து வந்தது.

வாங்க வந்தவர் குந்தி உட்கார்ந்து விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக் கேட்டார். எல்லா இடத்திலும் தகரத்தின் ஒரே சத்தம்.

"வெல ஒத்துக்கறேன்" என்றார் எழுந்து. "ஆனா ரெண்டாயிரம் எங்கிட்ட நிக்கட்டும். ஒரு மழ போவட்டும். பட்டி கிட்டி வெச்சிருந்தா மழைக்கு வெடிச்சிக் காட்டிடும். ஒண்ணும் இல்லன்னா நானே கொண்டாந்து குடுத்துடறேன். பெயிண்டரு, நீதான் சாட்சி."

வக்கீலுக்கு என்று வைத்திருந்த கணக்கில் அந்த ரெண்டாயிரம் துண்டு விழுந்தது. அந்த அம்மா காதுக் கம்மலைக் கழற்றிச் சங்கராபுரத்தில் அடகு வைத்தார். மகன் வந்தான். இளைத்துப் போயிருந்தான். வண்டி நின்ற இடத்தில் மண்ணில் கறுத்துக் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

கல்வராயன் மலையில் மேகம் இறங்கினாலே எனக்கு அந்த மட்கார்டு ஞாபகம்தான். பெயிண்ட் வெடித்தால் என் வார்த்தையும் போச்சு, அவர்கள் பணமும் போச்சு. நல்ல மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் பஸ் ஏறி உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். வண்டி கரும்புப் பாரத்தோடு ஒரு டீக்கடை ஓரம் நின்றது. மட்கார்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒரு கீறல் இல்லை.

"இது இன்னா மழ, தூறலு. கார்த்திக போவட்டும்" என்றார் வண்டியை வாங்கினவர். கார்த்திகை போனது. தை வரட்டும் என்றார். அதன்பிறகு நான் போனபோதெல்லாம் ஊரில் இல்லை என்றார்கள்.

அந்தத் தையில் பெரியவர் மாட்டுக் கொம்புக்கு மஞ்சள் மட்டும் தடவினார். டப்பாவைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் கம்மல் அடகில் மூழ்கியது. பெரியவர் இப்போது இல்லை. அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தால் நல்லா இருக்கியா தம்பி என்று கேட்பார், வேறு எதுவும் கேட்க மாட்டார். காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சி செருகியிருப்பார். சாட்சி நான்தானே. உளுந்தூர்பேட்டைக்காரர் தர வேண்டிய பாக்கி, இன்றைய தேதிக்கும், ரெண்டாயிரம் ரூபாய்.