வழுக்கைத் தலை ராஜாவின் ரூபாய்

சிறு வயதில் எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்துவந்தேன். டப்பாவுக்குப் பூட்டுப் போட வழியில்லாததால் மூடியின் குறுக்கே என் தலைமுடி ஒன்றைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைப்பேன். முடி அறுந்திருந்தால் அண்ணன் திறந்துவிட்டான் என்று அர்த்தம். பாவம், அவன் ஒருநாளும் திறந்ததில்லை. பல்லி இழுத்தாலும் பழி அவனுக்குத்தான் போகும்.

எங்கள் வீடு நாகல் நகரில். காசுகளில் பாதி அகரத்து அத்தை கொடுத்தவை. அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் மகனோடு இருந்தாள். லீவுக்குப் போகும்போதெல்லாம் ஓர் ஓட்டைக் காலணாவையாவது தேடி எடுத்து என் கையில் வைத்து, “பத்திரமா வச்சுக்க ஆத்தா” என்பாள்.

நான் ஆறாவது முடித்த லீவில் அத்தை இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் மருமகள்தான். எனக்கு அக்கா முறை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியின் சாவியும் அக்காவின் இடுப்பில்தான் தொங்கும்.

ஒருநாள் அத்தை பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை அக்காவிடம் எடுத்துத் தரச் சொல்லி, அவள் அடுப்படிக்குப் போனபின் தானே அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளி ரூபாய், வழுக்கைத் தலை ராஜா போட்டது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. என்னிடம் இருந்ததெல்லாம் செம்பும் பித்தளையும்தான்.

“எனக்குத் தா அத்தை.”

“இத மட்டும் கேக்காத ஆத்தா. இது எனக்கு வேணும்” என்று மறுபடி முடிந்துவிட்டாள்.

எழுந்து நடக்க முடியாதவளுக்கு ரூபாய் எதற்கு? என் மூளை உடனே வேலை செய்தது. அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதியிருந்தான். மார்க் வந்ததும் அவனுக்குத்தான் கொடுக்கப்போகிறாள். அவன் அதை விற்று கிரிக்கெட் மட்டை வாங்குவான். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மறுநாள் அத்தை கண்ணயர்ந்திருந்தாள். அக்கா பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டுச் சேலைகளை வெயிலில் உலர்த்தப் போயிருந்தாள். முடிச்சை அவிழ்த்து ராஜாவை எடுத்துக்கொண்டேன். கனம் குறையக்கூடாதென்று இரண்டு ஒற்றை ரூபாய்களை உள்ளே வைத்து முடிந்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமையாக இருந்தது.

ஆடியில் அத்தை இறந்துபோனாள். குளிப்பாட்டிக் கிடத்தி, நெற்றியில் காசு வைக்கும் நேரம் வந்தபோது, “அது மஞ்சத்துணில இருக்கு, எடுத்துட்டு வாம்மா” என்று அக்காவிடம் அப்பா சொன்னார். அத்தையின் கல்யாணத்தில் அவளுடைய அப்பா இரண்டு வெள்ளி ரூபாய் கொடுத்தாராம். ஒன்று மாமாவின் நெற்றியோடு போனது. மற்றது தன் நெற்றிக்கென்று அத்தை காத்து வைத்திருந்தது. இது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா முடிச்சை அவிழ்த்தார். இரண்டு சாதாரண ரூபாய்கள் அவர் உள்ளங்கையில் விழுந்தன.

“வெள்ளிக்காசு எங்கம்மா?”

“தெரியலையே மாமா. அந்த முடிச்ச நான் அவுத்ததே இல்ல.”

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். “சாவி யாரு இடுப்புல இருந்துச்சு?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அக்கா தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டில் ஒன்றை அத்தையின் நெற்றியில் சந்தனத்தால் ஒட்டினார்கள்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் டப்பாவைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். நல்லவேளை, நான் எடுத்திராவிட்டால் ராஜா சுடுகாட்டுக்குப் போயிருப்பார் என்றுகூட நினைத்தேன். காசு பத்திரமாக இருக்கிறது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அக்காவிடமிருந்து எதை எடுத்தேன் என்று புரியவில்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டுத் திரிந்த என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன தை மாதம் அண்ணன் பேத்திக்குத் தாடிக்கொம்பில் காதுகுத்து. அதற்கு முதல்நாளே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தாள். அம்மா பீரோ சாவியை நீட்டி, “கம்மல் டப்பாவ எடுத்துட்டு வாடி” என்றாள். அக்கா சாவியை வாங்கவில்லை.

“கூட யாரையாச்சும் அனுப்புங்க அத்தை.”

இத்தனை வருடமும் எந்த வீட்டிலும் அவள் அப்படித்தானாம். அம்மா சலித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பிறகு என்னை அனுப்பினாள்.

நான் பக்கத்தில் நிற்க, அக்கா பீரோவைத் திறந்தாள். டப்பாவை எடுத்து, கம்மலை எனக்குக் காட்டிவிட்டு, “பாத்துக்கிட்டியா?” என்று கேட்டாள். பார்த்துக்கொண்டேன் என்றேன்.