தேயிலைப் பெட்டிச் சோறு

அன்றைக்கு எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அம்மா, அத்தை, நான், மாடி வீட்டு மாமி, எதிர்வீட்டு டீச்சர், பால்காரம்மா, மூலை வீட்டு போஸ்ட்மேன் மனைவி, அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. குழந்தையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விட்டுவிட்டால் மனசு உறுத்தும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தார்.

மைசூரில், அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அந்த வருஷம் சீமெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு. கார்டுக்குக் கிடைக்கும் எண்ணெய் இருபது நாளில் தீர்ந்துவிடும். மீதிப் பத்து நாளுக்கு அம்மா விறகு வைத்தால், புகை மாடிக்கு ஏறி மாமி அங்கிருந்தே இருமிக் காட்டுவார். அந்த இருமலில் பாதி நிஜம் என்று அத்தை சொல்வாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தாள். தேவராஜ மார்க்கெட் பக்கம் ஒரு சோடாக் கடையில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொன்னாள்: “அண்ணி, ஐஸுக்குள்ள சூட்டை விடாத தூள், சோத்துச் சூட்டை மட்டும் வெளிய விட்டுடுமா?”

மறுநாளே ஒரு தேயிலைப் பெட்டி வந்தது. நாலு ரூபாய். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. அதில் மரத்தூளை நிரப்பி, நடுவில் பானை உட்காரப் பள்ளம் செய்து, மேலே மூடப் பழைய புடவையில் ஒரு மரத்தூள் தலையணையும் தைத்தாள். அரிசி ஸ்டவ்வில் ஐந்து நிமிஷம் தளதளவென்று கொதித்தால் போதும். பானையை மூடி, வேட்டித் துண்டில் மூட்டையாகக் கட்டி, பெட்டிக்குள் இறக்கி, தலையணை போட்டுப் பலகையை மூடிவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சோறு. இரண்டு முறை செய்து பார்த்தாள். இரண்டு முறையும் வெந்தது. அப்பா சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாயிருக்கிறது என்று பொருள்.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அத்தைக்கு டைப்ரைட்டிங் படிக்க வேண்டும். சேர முப்பது ரூபாய் கட்ட வேண்டும். அதை அண்ணனிடம் கேட்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். ஒரு பெட்டி பன்னிரண்டு ரூபாய் என்று நாலு பேரிடம் பேசி வைத்தாள். நாலு பேரும் கண்ணால் பார்த்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பெட்டிக்கு எட்டு ரூபாய் லாபம், நாலு பெட்டிக்கு முப்பத்திரண்டு. முப்பது போக மீதி இரண்டு ரூபாய்க்கு எனக்கு ரிப்பன் என்று பேச்சு.

அன்று பத்தரை மணிக்குப் பானை பெட்டிக்குள் இறங்கியது. அம்மா பின்பக்கக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அத்தை நாலு வீட்டுக்கும் நேரம் சொல்லக் கிளம்பினாள். எனக்கு ஏழு வயது, பள்ளிக்கூடம் லீவு.

“பூனை வராம பாத்துக்கோ. பெட்டியைத் தொடாதே, என்ன?”

பூனை வரவில்லை. எனக்குத்தான் கவலை வந்தது. அடுப்பில் இருக்கும் சோறு சத்தம் போடும், மூடி ஆடும், கஞ்சி வழியும். உயிரோடு இருக்கிறது என்று தெரியும். இந்தப் பெட்டி மூச்சே விடவில்லை. காதை வைத்துக் கேட்டேன். நிசப்தம். மெதுவாகப் பலகையைத் தூக்கி, தலையணையை எடுத்து, அத்தை இறுக்கிப் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, பானை மூடியைத் திறந்தேன். குபுக்கென்று ஆவி முகத்தில் அடித்தது. சரி, உயிர் இருக்கிறது. அவசரமாக மூடி, துண்டைத் திரும்பக் கட்டினேன்.

உட்கார்ந்ததும் அடுத்த கவலை. நாங்கள் குளிக்க வெந்நீர் போடுவதும் இதே மரத்தூளை எரித்துத்தான். எரிப்பதற்கென்றே வாங்குகிற பொருளுக்குள் கொதிக்கிற பானையை வைத்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கும் பயமில்லை! எங்காவது தீ கனிகிறதா என்று மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். கனியவில்லை. மூன்றாவது முறை திறந்தது, இரண்டாவது முறை சரியாக மூடினேனா என்று பார்க்க.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அத்தை கண்காட்சியில் சாமான் காட்டுகிறவளைப் போலப் பலகையை எடுத்தாள், தலையணையை எடுத்தாள். மூட்டையின் முடிச்சைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு அதை அவிழ்த்து மூடியைத் திறந்தாள்.

அடியில் அரிசி, மேலே வெதுவெதுப்பாகத் தண்ணீர். டீச்சர் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். அவர் கன்னடக்காரர். “அக்கி பெந்தே இல்லவல்லா, ஏனம்மா இது!” என்றார், அரிசி வேகவே இல்லையே என்று.

“ஐஸ் வைக்கிற தூள்ல சோறு வெச்சா, ஐஸ்தான் ஆகும்” என்றார் மாமி.

“எங்க எருமைக்கு இப்படித்தான் ஊற வெப்பேன்” என்றாள் பால்காரம்மா. போஸ்ட்மேன் மனைவி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் அத்தையின் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. “தண்ணி அளவை நான் தப்பா வெச்சுட்டேன் மாமி. நாளைக்கு இதே நேரத்துக்கு வாங்க, சாப்பிட்டே போகலாம்.”

“நாளைக்கு எங்க வீட்லயே அடுப்பு இருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டே மாமி படியேறினார்.

பானை ஸ்டவ்வுக்குத் திரும்பியது. மாதக் கடைசிக்கென்று அம்மா ஒளித்து வைத்திருந்த எண்ணெயும் அதில் போயிற்று. அம்மா திரியை ஏற்றினாள். சாயங்காலம் அப்பா, “என்ன, உன் ஃபேக்டரி எப்படி ஓடுது?” என்று கேட்டார். “நாளைக்கு ஓடும்ணா” என்றாள் அத்தை.

மறுநாள் அத்தை எல்லாவற்றையும் அதேபோலச் செய்தாள். பலகையை மூடியதும் என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பெட்டியின் மேல் உட்கார வைத்தாள்.

“நீ எறங்கினா சோறு வேகாது. வெயிட்டு வேணும். புரிஞ்சுதா?”

புரிந்தது. நேற்றைய தவறு தண்ணீரில் மட்டுமில்லை, வெயிட்டிலும் இருந்திருக்கிறது. கால் மரத்துப் போயிற்று, ஒண்ணுக்கு வந்தது. நான் இறங்கவில்லை. சோறு என்ன ஆகுமோ என்ற கவலை அன்று எனக்கு வரவே இல்லை. என் கீழேதானே வெந்துகொண்டிருக்கிறது!

பால்காரம்மா ஒருத்திதான் வந்தாள். அதுவும் பால் சொம்பை வாங்கிப் போக. அத்தை என்னை இறக்கிவிட்டுப் பானையைத் திறந்தாள். பருக்கை பருக்கையாக மல்லிகைப் பூப் போலச் சோறு. பால்காரம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

“சரி, ஒண்ணு குடு. பொண்ணையும் சேத்து அனுப்பறியா? எங்க வீட்ல மேல உக்கார ஆளில்லயே.”

அம்மாவும் அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, நம் வீட்டுச் சோற்றுக்கு எத்தனை மணிக்குத் திரும்ப முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லீவு முடியும்வரை தினமும் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் மனசு நிலைகொள்ளவில்லை. வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சாயங்காலம் ஓடிவந்து கேட்டேன். “அம்மிக் குழவியை வெச்சேன். ஆனா உன் அளவுக்கு வரலை” என்றாள் அத்தை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அதையும் நம்பினேன். படிப்பை எட்டாவதோடு நிறுத்தியபோதுகூட, சோறு வேக வைப்பது என் உடம்பிலேயே இருக்கிற வித்தை என்று ஒரு தைரியம் இருந்தது.

ரொம்ப காலம் கழித்து, என் மகளுக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டும்போது என் கை அப்படியே நின்றது. ஏழு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு இதுதான், இரண்டு காது விரிந்த ரிப்பன் பூ முடிச்சு. அன்று நான் அவிழ்த்த மூட்டையை வேறு எப்படிக் கட்டியிருப்பேன்? நாலு பேர் எதிரில் அத்தை ஒரு நொடி நின்று பார்த்தது அதைத்தான். தண்ணீர் அளவில் ஒரு தப்பும் இல்லை. வெயிட்டு என்றும் ஒன்று இல்லை.

மற்ற மூன்று பேரும் திரும்பி வரவேயில்லை. வீட்டுச் செலவில் காசு காசாக மிச்சம் பிடித்து, அத்தை டைப்ரைட்டிங்கில் சேர்ந்தது ஐந்து மாதம் கழித்து. பிறகு வேலைக்குப் போனாள், பென்ஷனும் வாங்குகிறாள். தேயிலைப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் அதில்தான் சோறு. மேலே எதுவும் வைப்பதில்லை. நடுவில் திறக்காமல் இருக்க நான்தான் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

பெட்டிக்கு எட்டு ரூபாய். மூன்று பெட்டி. அத்தைக்கு நான் இன்னும் இருபத்து நான்கு ரூபாய் தர வேண்டும்.