ஒல்லியும் குண்டும் அண்ணியும்

அண்ணிக்கு எதற்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் தூக்கம் வராது. எந்நேரமும் கட்டம் கட்டமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பதால் எனக்குக் ‘கட்டம்’ என்று பெயர். சோதனை ஓட்டத்துக்காக எங்கள் ஹேங்கருக்கு வந்த இரண்டு குட்டி ஜெட் விமானங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒன்று ஒல்லி, இன்னொன்று குண்டு.

தனியார் விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் இடம் அது. நான் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவன். அண்ணி விமானங்களின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்கிறவர்; ஐந்து வருடமாகத் தினக்கூலி. கட்டட நிறுவனம் நடத்தும் ஓர் அம்மாள் இரண்டில் ஒன்றை வாங்கி எங்களிடமே நிறுத்தப்போவதாகச் சொன்னதும், மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார்.

“அந்த விமானம் இங்க வந்துட்டா உங்க வேலை நிரந்தரம். அதுவரைக்கும் அந்தம்மா முன்னாடி ஏதாவது பேசிக் கெடுத்தீங்க, நாளைலேர்ந்து வரவே வேணாம்.”

அண்ணியாவது, பேசாமல் இருப்பதாவது!

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒப்பீடு தயாரித்தேன். அம்மாள் வாராவாரம் போகிற ஊர் மூன்று மணி நேரப் பயணம். ஒல்லி இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும். எரிபொருள் குறைவு, சின்ன ஓடுபாதை போதும், எஞ்சின் பராமரிப்பும் மலிவு. குண்டில் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான். இருக்கைகளை நானே டேப் வைத்து அளந்தேன். குண்டில் இரண்டு அங்குலம் அகலம் கூடுதல். இரண்டு அங்குலத்துக்காக யாராவது இவ்வளவு செலவழிப்பார்களா?

அம்மாள் தன் செயலாளர் பெண்ணோடும் மூன்று ஆண் அதிகாரிகளோடும் இரண்டிலும் ஒவ்வொரு முறை அதே ஊருக்குப் போய் வந்தார். மறுநாள் காலை எங்கள் அலுவலகத்தில் கூட்டம். எல்லோரும் ஒல்லிக்கே தலையாட்டினார்கள். அம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த அண்ணி அப்படியே நின்றார்.

“மேடம், ஒல்லி வேணாம்.”

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

“யாரு ஒல்லி?” என்றார் அம்மாள்.

“வேகமா போகுதே, அதுதான். ரெண்டையும் நான்தான் சுத்தம் பண்ணேன். குண்டுல பேர் எழுதி வச்ச எல்லா தண்ணி பாட்டிலும் காலி. ஒல்லில ஆம்பளைங்க பாட்டில் மட்டும்தான் காலி. உங்க ரெண்டு பேரோடதும் மூடிகூட திறக்கல. அதுல கழிவறைக்குக் கதவு இல்ல மேடம், வெறும் திரைதான். அதனாலதானே தொண்டை காய உக்காந்திருந்தீங்க?”

செயலாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டார். ‘கழிவறை: உண்டு’ என்று இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தவன் நான்.

அம்மாள் பேனாவை மூடினார். “பாட்டில வச்சே எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“நானும் அப்படித்தானே மேடம் இருக்கேன். இந்த ஹேங்கர்ல பொம்பளைங்களுக்குக் கழிவறையே கிடையாது. காலைல கிளம்பினா, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி.”

“அப்படியாப்பா?” என்று மேலாளர் என்னைப் பார்த்தார். ஆண்கள் கழிவறை என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

“குண்டையே எடுத்துக்கறேன்” என்றார் அம்மாள். “ஆனா முதல்ல இங்க கதவு போட்டு ஒரு கழிவறை கட்டுங்க. அப்புறம்தான் விமானம் வரும். இவங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது.” மேலாளர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

மாலையில் வழக்கம்போல என் பைக்கிலேயே திரும்பினோம். வழியெல்லாம் அண்ணி மேலாளரைப் போலப் பேசிக்காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி உள்ளே ஓடினார். ஐந்து வருடமாகத் தினமும் அப்படித்தான் ஓடுகிறார். “அண்ணனைப் பாக்க அவ்வளவு அவசரமா?” என்று நானும் தினமும் கேலி செய்வேன். அவரும் சிரித்தபடியே ஓடுவார்.

அன்று நான் வண்டியை விட்டு இறங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது.