போன் போலீஸின் கைப்பை

விமானத்தில் அவளுக்குப் பெயரே போன் போலீஸ்தான். கூட வேலை பார்க்கும் பணிப்பெண்கள் வைத்தது. விமானம் இறங்கத் தொடங்கினால் போதும், வரிசை வரிசையாக வந்து நிற்பாள். "சார், போனை அணைங்க. விளையாட்டெல்லாம் இறங்கினப்புறம்" என்பாள். அமைச்சரே ஆனாலும் அணைத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தாள் கன்னக்குழி. சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டால் பயணிகள் பெட்டிப்பாம்பாய் அடங்கினார்கள், போதாக்குறைக்கு நன்றி வேறு சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் போன் போலீஸுக்கு ஒருத்தராவது நன்றி சொன்னதுண்டா? வயிறு எரியாமல் என்ன செய்யும்? இந்த அழகில் தலைமைப் பணிப்பெண் பதவிக்கு இருவர் பெயரும் போயிருந்தது. பயணி ஒருவரிடம் கத்தியதற்காகப் போன் போலீஸ் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியவள். இன்னொன்று வந்தால் பதவியை மறந்துவிட வேண்டியதுதான்.

அன்று காலை அலுவலகத்துத் தோழிக்கு, "யாருக்குன்னு ஏதாவது காதுல விழுந்தா உடனே சொல்லு" என்று செய்தி அனுப்பினாள். பதில் வருவதற்குள் விமானம் கிளம்பிவிட்டது. கைபேசியை அணைக்க மனம் வரவில்லை. அப்படியே கைப்பைக்குள் போட்டு, விமானி அறையை ஒட்டிய அலமாரியில் வைத்தாள்.

இறங்கும் நேரத்தில் விமானி கூப்பிட்டார்.

"காதுல ஒரே இரைச்சல். கீழேருந்து சொல்றது சரியா கேக்கல. யாரோ போனை அணைக்கல, பாருங்க."

போன் போலீஸ் பயணிகள்மேல் பாய்ந்தாள். காது கேட்கும் கருவி வைத்திருந்த ஒரு பெரியவரைக்கூட விடவில்லை. திரும்பி வந்தபோது கன்னக்குழி அலமாரி அருகே நின்றிருந்தாள்.

"உங்க பைலதான்க்கா இருந்துச்சு. அணைச்சிட்டேன்."



தரையிறங்கியதும் விமானி வெளியே வந்து, "யாரோடது?" என்றார்.

"என்னோடது சார். மறந்துட்டேன்" என்றாள் கன்னக்குழி. போன் போலீஸ் வாயைத் திறக்கவில்லை.

அவர் போனபிறகுதான் கேட்டாள். "ஏன்டி அப்படிச் சொன்னே?"

"உங்களுக்கு ரெண்டாவது ஆயிடுமேக்கா. எனக்கு முதல் தடவைதானே."

கைபேசியை மறுபடி போட்டுப் பார்த்தால் தோழியின் பதில் காத்திருந்தது. 'சின்னவளுக்குத்தான் போலிருக்கு. இன்னும் கையெழுத்து ஆகல.' போன் போலீஸ் அதை அழித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கன்னக்குழியின் பேரில் எச்சரிக்கை பதிவாகவே, பதவி போன் போலீஸுக்கே வந்தது. புதுப் பதவியில் முதல் வேலையாக, பணியாளர் அறையில் எல்லோர் முன்னாலும் கன்னக்குழியைக் கண்டிக்கச் சொன்னார்கள். கண்டித்தாள்.

"இனிமே கவனமா இருக்கேன்க்கா" என்றாள் கன்னக்குழி. அதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று போன் போலீஸ் தேடிப் பார்த்தாள். இல்லை. கன்னக்குழியின் இடத்தில் தான் இருந்திருந்தால் அன்றைக்கே போட்டுக் கொடுத்திருப்போம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பதவி கைக்கு வந்தும் அந்தப் பெண்மேல் இருந்த பொறாமை துளிகூடக் குறையவில்லை, இன்னும் கூடித்தான் போயிற்று.